உச்சந்தலையில் ஒரு அலை

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு ஐம்பத்து மூன்று. மாற்றி எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சீடர் பெயர் அருளப்பன். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மூளையைப் படிக்க வந்தவர். "இத்தனை வருஷம் கம்பியில ஓடுற கரண்டைப் பாத்தாச்சு. இனிமே மண்டைக்குள்ள ஓடுறதைப் பாக்கப் போறேன்" என்று பிரிவுபசார விழாவில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய், மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்றார்கள். ஆனாலும் நல்ல மனசோடு காசு போட்டு அவருக்கு ஒரு சுழல் நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். அந்த நாற்காலியோடுதான் அவர் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்.

குரு டாக்டர் நிலோபர், நரம்பியல் துறைத் தலைவர். அவர் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். தினமும் காலையில் ஆய்வகத்து வாசலில் நீங்க போங்க, நீங்க போங்க என்று இருவரும் வழிவிட்டு நிற்பது அந்த மாடியில் எல்லாருக்கும் தெரிந்த கூத்து. நிலோபருக்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் சட்டென்று பதில் சொல்ல மாட்டார். எழுந்து போய் ஏதாவது செய்வார். பதில் அதற்குள் இருக்கும், நாமாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அருளப்பன் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி நம் எல்லாருக்கும் நடக்கிற ஒன்றைப் பற்றியது. கல்யாண வீட்டில் ஒருவர் சிரித்துக்கொண்டே எதிரில் வருகிறார். முகம் தெரிகிறது, ஊர் தெரிகிறது, அவர் எந்தக் கடையில் மளிகை வாங்குகிறார் என்பதுகூடத் தெரிகிறது. பெயர் மட்டும் வர மாட்டேன் என்கிறது. அசடு வழிந்து சமாளித்து அனுப்பிவிட்டு, பந்தியில் கை கழுவும்போது அது தானாக வந்து நிற்கிறது. அப்படி வந்து நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் மூளையில் என்ன நடக்கிறது? இதுதான் கேள்வி.

அன்று காலை அவர் மூன்று மாடியையும் ஓடியே ஏறினார். வாசலில் வழிவிடும் கூத்துக்குக்கூட நிற்கவில்லை.

"மேடம்! கிடைச்சிருச்சு!"

"உக்காருங்க சார். மூச்சு வாங்குது உங்களுக்கு."

"உக்கார முடியாது மேடம். நீங்க இதைப் பாருங்க."

கணினியைத் திறந்தார். திரையில் ஒரு கோடு சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் எழும்பி, விழுந்து, மறுபடி சமர்த்தாகப் போனது.

"உச்சந்தலையில வருது மேடம் இந்த அலை. படத்தைப் பாத்ததும் பேர் வந்துட்டா இது இல்லை. பேர் மாட்டிக்கிட்டு நிக்குது பாருங்க, அப்ப மட்டும்தான். பேர் வந்துருச்சுன்னு அவங்க பொத்தானை அமுக்கறதுக்கு முன்னாடி வருது. முன்னாடி மேடம்! ஆளுக்கே தெரியலை, மூளைக்குத் தெரிஞ்சிருக்கு!"

"எத்தனை பேருக்கு?"

"வந்த அத்தனை பேருக்கும்."

நிலோபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டிருந்தார். அதைப் பார்த்ததும் அருளப்பனுக்கு இன்னும் ரெக்கை முளைத்தது.

முளைக்காமல் என்ன செய்யும்? மறுநாள் ஆய்வுக் குழுக் கூட்டம். அவருக்குக் கொடுத்த காலம் முடிந்துவிட்டது. ஏதாவது கண்டுபிடித்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் தருவார்கள். இல்லையென்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். போன கூட்டத்தில் குழுத் தலைவர், "சாருக்குப் பேரன் பேத்தி எல்லாம் இருக்காங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். அந்தச் சிரிப்பு அருளப்பன் மனசில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. இன்று காலை விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி செலின் ஒரு டப்பா நிறைய கேசரி கிளறி, "உங்க மேடத்துக்கு முதல்ல குடுங்க" என்று கொடுத்தனுப்பியிருந்தார். டப்பா மேசை மேல் சூடாக இருந்தது.

"மேடம், இது நிஜம்தானே?" என்று கேட்டார் அருளப்பன்.

நிலோபர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "இன்னைக்கு யார் வர்றாங்க?" என்றார்.

"தமயந்தி. ஹாஸ்டல் பொண்ணு. எம்.எஸ்சி. படிக்குது."

"நானும் வந்து ஓரமா உக்காரட்டுமா?"

"என்ன மேடம் கேள்வி இது? வாங்க, வாங்க!"

தமயந்தி தலை நிறைய எண்ணெய் வைத்து, வழித்துச் சீவி, ஒற்றைப் பின்னலோடு வந்து நின்றாள். அந்த ஆய்வகத்தில் அது தினசரிப் பிரச்சினை. எண்ணெய்த் தலையில் மூளை அலை பிடிபடாது. எத்தனை முறை சொன்னாலும், நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போகிறோமே என்று எல்லாரும் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டுதான் வருவார்கள். அதனால் மூலையில் ஒரு தொட்டி, பக்கத்தில் ஷாம்பு, துண்டு, டிரையர். எல்லாம் முடிந்து போகும்போது வைத்துக்கொள்ள ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய்.

தலையை அலசிக் காயவைத்து, கம்பிகள் தொங்கும் தொப்பியை மாட்டி, ஒவ்வொரு துளையிலும் ஜெல் வைத்து முடிப்பதற்குள் அருளப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. ஆனாலும் கை பதறவில்லை. மின்வாரியக் கை அது.

"படம் வரும்மா. பேர் உடனே வந்துட்டா இடது பொத்தான். தெரியும், ஆனா வரலைன்னா சும்மா இரு. எப்ப வருதோ அப்ப வலது பொத்தான். அமுக்கின பிறகுதான் வாயைத் திறக்கணும்."

"சரி சார்."

பொத்தான்கள் மேசைக்கு அடியில் இருந்தன. தமயந்தி திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். அருளப்பன் பக்கவாட்டில், அவள் முகம் தெரிகிற மாதிரி தன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். நிலோபர் கதவோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அடடா, தூங்குகிறாரே என்று அருளப்பனுக்கு வருத்தமாகப் போய்விட்டது.

படங்கள் வந்தன. குடை. ஆமை. சல்லடை. தமயந்தி டக் டக்கென்று அமுக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு ஒரு பாக்குவெட்டி வந்தது.

அவள் வாய் திறக்கவில்லை. நெற்றி சுருங்கியது. அருளப்பன் வா, வா என்று மனசுக்குள் கூப்பிட்டார். அவர் உடம்பு தன்னால் முன்னே சாய்ந்தது.

"பாக்குவெட்டி!" என்றாள் தமயந்தி.

அருளப்பன் திரையைப் பார்த்தார். உச்சந்தலைக் கோட்டில் அலை, பொத்தானுக்கு முன்னால் அழகாக எழும்பி நின்றது.

"பாத்தீங்களா மேடம்!"

நிலோபர் கண்ணைத் திறந்தார். "சார், கீழ போய் மூணு டீ வாங்கிட்டு வர்றீங்களா? அது வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

இந்த நேரத்தில் டீயா? ஆனாலும் குரு சொன்னால் சொன்னதுதான். தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடினார், ஓடியே திரும்பி வந்தார். நிலோபர் அதே ஸ்டூலில் இருந்தார். சுழல் நாற்காலி காலியாக இருந்தது.

"எப்படி வந்துச்சு மேடம்?"

"நீங்களே பாருங்க."

பார்த்தார். பெயர் மாட்டிக்கொண்டு பிறகு வந்த படங்கள் நிறைய இருந்தன. மரங்கொத்தி, துருத்தி, கவண். ஒன்றில்கூட அலை இல்லை. கோடு படுத்தபடியே கிடந்தது.

"என்ன பண்ணீங்க மேடம்?"

"ஒண்ணும் பண்ணலை. படத்தைக் காட்டினேன்."

அருளப்பனுக்கு டீ கையிலேயே ஆறியது. தொப்பியைப் பார்த்தார், கம்பி கம்பியாகத் தொட்டுப் பார்த்தார், ஜெல்லை மறுபடி வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த வரிசைப் படங்களை ஓட்டினார். முறுக்கு அச்சின் படத்தில் தமயந்தி திணறினாள். திணறி, திணறி, சொன்னாள்.

அலை வந்தது.

"வருது மேடம்!" துள்ளிக் குதித்தார் அருளப்பன். "நான் இருந்தா வருது! தப்பா எடுத்துக்காதீங்க, உங்களைப் பாத்து பொண்ணு பயந்துருச்சு."

"பயமெல்லாம் இல்லை சார்," என்றாள் தமயந்தி. "மேடம் சும்மாதான் இருந்தாங்க. உண்மையில எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

நிலோபர் எழுந்தார். தொட்டிப் பக்கம் போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தார்.

"ஐயோ மேடம், இன்னும் முடியலை! இப்ப தலையில எண்ணெய் வைக்கக் கூடாது!"

"தலைக்கு இல்லை சார். நீங்க கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் துறைத் தலைவர் தரையில் மண்டி போட்டு, சுழல் நாற்காலியைச் சாய்த்து, இருக்கையும் தண்டும் சேரும் இடத்தில் எண்ணெயை விட்டார். நாற்காலியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இன்னும் கொஞ்சம் விட்டார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஸ்டூலுக்குப் போய்விட்டார்.

"எதுக்கு மேடம்?"

"இப்ப உக்காந்து ஓட்டுங்க."

அருளப்பன் உட்கார்ந்தார். கொண்டலாத்திப் பறவை வந்தது. தமயந்தி யோசித்தாள். அருளப்பன் முன்னே சாய்ந்தார். தமயந்தி பொத்தானை அமுக்கிப் பெயரைச் சொன்னாள்.

அலை இல்லை.

இடுக்கி. இல்லை. உலைமூடி. இல்லை. அருளப்பன் அடுத்த படத்தைப் போடாமல் அப்படியே இருந்தார். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்தார், முன்னால் சாய்ந்தார். மறுபடி பின்னால், மறுபடி முன்னால். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சத்தமா மேடம்?"

"ம்."

"நாற்காலியா?"

"ஆமா சார்," என்று தமயந்தி குறுக்கே சொன்னாள். "நீங்க முன்னாடி சாயும்போதெல்லாம் கிரீச்னு கேக்கும். அதுவும் ஆராய்ச்சியில ஒரு பகுதின்னு நெனச்சேன்."

டிரான்ஸ்பார்மர் உறுமுவதைத் தெருமுனையில் நின்று கேட்டு, அதற்கு என்ன கோளாறு என்று சொன்ன காது அருளப்பனுடையது. சொந்த நாற்காலி கத்துவது மட்டும் அதில் ஏறவில்லை. தினமும் கேட்டுக் கேட்டு அது அவருக்குச் சத்தமாகவே இல்லாமல் போயிருந்தது.

அவர் கணினியை மூடினார். முகம் செத்துப்போயிருந்தது.

"அப்ப இது கண்டுபிடிப்பு இல்லை. என் ஆர்வக்கோளாறு. நான் துள்ளியிருக்கேன், நாற்காலி கத்தியிருக்கு, அந்தச் சத்தம் அவங்க மண்டையில அலையா விழுந்திருக்கு. அதை எடுத்துக்கிட்டு மூளைக்கு முன்கூட்டியே தெரியும்னு... நாளைக்கு அவங்க முன்னாடி போய்ச் சொல்லியிருப்பேன் மேடம்."

அவருக்குக் கண் கலங்கியது. ஒரு வருஷம் போச்சு, மானம் போச்சு, செலினிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார்.

"நான் வீட்டுக்குப் போறேன் மேடம்."

நிலோபர் மேசைக்கு வந்து கேசரி டப்பாவைத் திறந்தார். ஒரு கரண்டி எடுத்து தூக்குப் பாத்திரத்தின் மூடியில் வைத்துத் தமயந்திக்கு நீட்டினார். தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"அது எதுக்கு மேடம் இப்ப?" என்றார் அருளப்பன். கொஞ்சம் கோபமாகவே.

"சார், பொத்தான் எங்க இருக்கு?"

"மேசைக்கு அடியில."

"விரல் அசையறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவங்க பேரைச் சொல்றது?"

"அமுக்கின பிறகுதான்."

"அலை?"

"அமுக்கறதுக்கு முன்னாடி. அதை வச்சுத்தானே மேடம் நான் ஏமாந்தேன்?"

"நாற்காலி கத்தினது?"

"அலைக்கும் முன்னாடி. சத்தம் கேட்டுத்தானே அலை..."

"நீங்க சாஞ்சது?"

"அதுக்கும் முன்னாடி," என்றார் அருளப்பன்.

"யோசிச்சு யோசிச்சு கடைசி வரைக்கும் பேரே வராம போன படம் இருக்குமே," என்றார் நிலோபர். "அதுல எல்லாம் அலை இருக்கா?"

அருளப்பன் கணினியைத் திறந்தார். ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு படமாகத் தேடினார். பெயர் வராமலே போன படங்கள் ஏராளம். எல்லாவற்றிலும் கோடு தட்டையாகக் கிடந்தது.

"இல்லை மேடம்."

"அப்ப நீங்க சாயலை."

"சாயலை."

"வரப் போறதுக்கு மட்டும்தான் சாஞ்சிருக்கீங்க."

அருளப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நிலோபர் இன்னொரு வாய் கேசரி எடுத்தார். இப்போது அவர் குரலிலும் பரபரப்பு ஏறியிருந்தது. "தமயந்திக்குத் தன் மண்டைக்குள்ள பேர் வர்றது தெரியலை சார். பக்கத்துல உக்காந்திருந்த உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வந்த அத்தனை பேர்கிட்டயும் தெரிஞ்சிருக்கு. எப்படி?"

"தெரியலையே மேடம்!"

அந்தத் 'தெரியலையே'வை அவர் கத்தித்தான் சொன்னார். பக்கத்து ஆய்வகத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். லாட்டரிச் சீட்டு விழுந்தவன்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டான். நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"மூச்சா இருக்குமா மேடம்? கொஞ்சம் மூச்சை நிறுத்தறாங்களோ? கண் இமையா? உதடா? நான் எதைப் பாத்தேன்?"

"சார், என் மூஞ்சில என்னதான் தெரிஞ்சுச்சு?" தமயந்தியும் கேசரியை விட்டுவிட்டு எழப் பார்த்தாள். கம்பிகள் இழுத்துப் பிடித்தன.

"அசையாதம்மா, அசையாத! அப்படியே இரு!" அவள் முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்தார். அத்தனை நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் நினைத்திருந்தார்; பார்த்தது இந்த முகத்தைத்தான். "மேடம், முகத்துக்கு ஒரு கேமரா வைக்கணும். மூச்சைப் பாக்க நெஞ்சுல ஒரு பட்டை கட்டணும். என் தலையிலயும் ஒரு தொப்பி மாட்டணும்! என் மூளைக்கு அது எப்ப தெரியுதுன்னு பாக்கணும்ல?"

"பாக்கணும்."

"எனக்கும் அவங்களுக்கும் நடுவுல திரை போட்டுப் பாக்கணும். பெறகு வேற ஆளை உக்கார வச்சுப் பாக்கணும். எனக்கு மட்டும்தான் தெரியுதா, எல்லாருக்குமா?"

"பாக்கணும் சார்."

"இதுக்கு ஒரு வருஷம் வேணுமே மேடம்."

"வேணும்."

அப்போதுதான் அவருக்கு நாளைய கூட்டம் ஞாபகத்துக்கு வந்தது. மெதுவாக உட்கார்ந்தார். நாற்காலி சத்தம் போடவில்லை.

"நான் தயார் பண்ணி வச்சிருக்கற படம், கோடு, அட்டவணை எல்லாம் பொய் மேடம். கையில ஒண்ணுமே இல்லை. நாளைக்கு எதைக் காட்டி ஒரு வருஷம் கேக்கறது?"

நிலோபர் தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். துண்டை எடுத்து வந்து அருளப்பன் மடியில் போட்டார்.

"கூட்டத்துக்கு நாற்காலியைக் கொண்டு வாங்க சார். எண்ணெயைத் துடைச்சிட்டு. அது கத்தணும்."